‘நல்லாருக்கேன்’னு மட்டும் சொல்லிடாதீங்க

போன வாரம் ஆம்பூரில் நான் வேலை பார்த்த பழைய ஷூ கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் ரிடையர் ஆன பிறகு அங்கே முதலுதவி அறைக்கு நர்சாக வந்த பெண்தான் பேசினாள். நல்ல பெண். எனக்கு இருக்கிற மாதிரி வாய் நீளம் கிடையாது. அதனால் பிழைத்துக்கொள்வாள்.

“சிஸ்டர், இப்ப உடம்பு சரியில்லாத லீவு கிளைம் எல்லாம் செல்போன் ஆப்லதான் போடணும். கடைசியில ஒரு கேள்வி கேக்குது. ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்?’னு. கீழ வரிசையா மூஞ்சி பொம்மைங்க. ஒரு பக்கம் சிரிக்குது, ஒரு பக்கம் அழுவுது. நம்ம ஆளுங்க அத்தனை பேரும் சிரிக்கிற மூஞ்சியத் தொட்டுட்டுப் போறாங்க. கிளைம் எல்லாம் ரிஜெக்ட் ஆயி வருது. இன்னா பண்றது சிஸ்டர்? ஒரே பேஜாரா இருக்கு.”

முதலில் சிரித்தேன். பிறகு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து, மிஷின் மாறி, மேனேஜர் மாறி, பேப்பர் போய் ஆப் வந்து, கடைசியில் அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். அந்தக் கேள்வியோடு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை அவளிடம் போனில் சொல்லி மாளாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் பேரணாம்பட்டில் பிறந்தவள். வேலூரில் நர்சிங் படித்தேன். படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ஷீட்டின் மூலையை மடிக்கத் தெரியவில்லை என்று வாரம் முழுக்கத் திட்டு வாங்கினேன், பிறகு மடித்தேன். கொஞ்ச நாள் வார்டில் ஓடினேன். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்ததும், ஷூ கம்பெனியில் நர்ஸ் வேண்டும் என்றார்கள், போனேன். அந்த ஒரே அறையில்தான் தலை நரைத்தது. விரலில் மிஷின் ஊசி ஏறியவர்கள், பசை வாசனையில் தலை சுற்றியவர்கள், காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தவர்கள், இவர்கள்தான் என் நோயாளிகள். என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் சிஸ்டர்.

சாதாரணத் தொழிலாளிக்கு அரசாங்கத்தின் காப்பீடு உண்டு. உடம்புக்கு முடியாமல் படுத்தால் அதிலிருந்து கொஞ்சம் சம்பளம் வரும். ஆனால் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் அந்தப் பட்டியலிலிருந்து பெயர் எடுபட்டுவிடும். எங்கள் கம்பெனியில் ஒருத்தியை சூப்பர்வைசர் ஆக்கும்போது மாலை போட்டு, போட்டோ எடுத்து, லட்டு கொடுப்பார்கள். அவள் லட்டைத் தின்றுகொண்டிருக்கும்போதே இருந்த பாதுகாப்பு போயிருக்கும். யாரும் அவளிடம் சொல்ல மாட்டார்கள். ஆடிட்டுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரன்தான், “சூப்பர்வைசர்களுக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவைத்தான். நம்மவர்களுக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவசர அவசரமாக ஒரு தனியார் இன்ஷூரன்ஸைப் பிடித்து ‘தற்காலிக இயலாமை உதவித் திட்டம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். வழவழப்பான நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். அட்டையில், காலில் மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது.

திட்டப்படி மூன்று பேப்பர். முதல் பேப்பர் வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதுவது. அதில் ஒருவருக்கும் புரியாத கையெழுத்தில் நோயின் பெயர் இருக்கும். இரண்டாவது என்னுடையது. அதை நான் அலட்சியமாக எழுதியதே இல்லை. ‘முதுகுவலி’ என்று எழுதினால் குப்பைக்குப் போகும். அந்த ஆள் நாள் முழுக்க என்ன செய்கிறான், அதில் எதைச் செய்ய முடியாது என்று எழுத வேண்டும். ‘தோல் கட்டைக் குனிந்து தூக்கி, இடுப்பு உயர மேஜையில் வைக்க முடியாது’ என்று எழுதினால் ஒருவனும் மறுத்துப் பேச முடியாது. இதற்காகவே வேலை நடக்கிற ஹாலுக்குப் போய் நின்று பார்ப்பேன், யார் எந்தக் கையால் இழுக்கிறார்கள், எந்தக் காலால் மிதிக்கிறார்கள் என்று. மூன்றாவது பேப்பர் ஆட்கள் விஷயம் பார்க்கிற எங்கள் பெர்சனெல் மேனேஜர் எட்வின் சார் கையெழுத்து.

எட்வின் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். யாரிடமும் ‘முடியாது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. “ஜெபம் பண்ணிப் பாப்போம் சிஸ்டர்” என்பார். அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். எந்தப் பேப்பரையும் கையில் வாங்க மாட்டார். மேஜைமேல் வைக்கச் சொல்வார். பேப்பரின் ஓரமும் மேஜையின் ஓரமும் ஒன்றாகச் சேரும்வரை ஆள்காட்டி விரலால் தள்ளித் தள்ளி நேராக்குவார். அதற்குப் பிறகுதான் படிப்பார். படித்து முடித்ததும் திருப்பிப் பின்பக்கமும் பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்ப்பார். எதிரில் வலியோடு நிற்கிறவனை மட்டும் கடைசிவரை பார்க்க மாட்டார்.

பேப்பர் மூன்றும் போன பிறகு இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு போன் வரும். யாரோ ஒரு பெண், எந்த ஊரோ, தேனொழுகப் பேசும். முதல் கேள்வியே, “எப்படி சார் இருக்கீங்க?” எங்கள் ஆட்கள் மொத்தமும் விழுந்தது அந்தக் குழியில்தான்.

கட்டிங் செக்‌ஷன் ஃபோர்மேன் பஷீர் பாய் முதுகெலும்புத் தட்டு விலகிப் படுக்கையில் கிடந்தார். நான் பார்க்கப் போயிருந்தபோதே அந்தப் போன் வந்தது. ஒருக்களித்துத் திரும்பக்கூட முடியாத மனுஷன், போனைக் காதில் வைத்ததும் குரலைச் சரிசெய்துகொண்டு, “அல்ஹம்துலில்லா, ரொம்ப நல்லா இருக்கேம்மா. நீ எப்படி இருக்கே? சாப்ட்டியா?” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், ‘தொழிலாளி தாமே பூரண நலம் தெரிவித்தார்’ என்று கேஸை மூடிவிட்டார்கள்.

“இன்னா பாய் இது? எதுக்கு அப்டி சொன்னீங்க?” என்று கத்தினேன்.

“வேற இன்னா சொல்றது சிஸ்டர்? எங்கேயோ உக்காந்துகினு ஒரு பொண்ணு அக்கறையா கேக்குது. அதாண்ட போய் வலிக்குது வலிக்குதுன்னு அழுவறதா? ஆண்டவன் இதுக்கு மேல ஜாஸ்தி குடுக்காம வச்சிருக்கானே, அதைத்தானே சொல்லணும்?”

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியை, அந்தக் கேள்வியை எழுதிக்கொடுத்த அதிபுத்திசாலியை, வீடு போய்ச் சேரும்வரை திட்டிக்கொண்டே போனேன். நம் ஊரில் பாடையில் படுக்கப் போகிறவன்கூட, எப்படி இருக்கே என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வான். அது பதில் இல்லை, மரியாதை. இது தெரியாதவனெல்லாம் இன்ஷூரன்ஸ் நடத்துகிறான்.

அதோடு முடிந்ததா? மாதக்கணக்கில் லீவு போனால் இன்ஷூரன்ஸ் டாக்டர் நேரில் பார்ப்பார். அவர் முன்னால் போவதற்கு எங்கள் பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவார்கள். ஆண்கள் முகத்தை வழித்து, பவுடர் போட்டு, சட்டையை இன் பண்ணி வருவார்கள். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோமே, அழுக்காகவா போவது? ஜம்மென்று வந்து நிற்கிறவனைப் பார்த்து டாக்டர் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

அதற்குப் பிறகு நான் ஒத்திகை நடத்த ஆரம்பித்தேன். நான்தான் இன்ஷூரன்ஸ் பெண். “எப்படி இருக்கீங்க?” என்பேன். நல்லா இருக்கேன் என்றால் திட்டுவேன். மறுபடியும் கேட்பேன். ‘ஏதோ இருக்கேன்’ என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தேன். அது பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. நர்சிங் படித்துவிட்டு நாடக வாத்தியார் வேலை பார்த்தேன் நான். வெட்கக்கேடு.

இந்த ஒத்திகை கடைசியில் எடுபடாமல் போனது ஒரே ஒருத்தியிடம்தான். தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஞானசுந்தரி.

ஞானசுந்தரி எங்கள் சர்ச் சபைக்காரி. தையல் மிஷினில் சாதாரண ஆபரேட்டராக வந்து, லட்டு கொடுத்து சூப்பர்வைசர் ஆக்கப்பட்டவள். புருஷனுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் கிடைத்தால்தான் வேலை. வீடு இவள் சம்பளத்தில்தான் நடந்தது. ஒருநாள் வீட்டில் கண்ணாடி டம்ளரைக் கழுவும்போது அது கைக்குள்ளேயே உடைந்து, வலது கட்டைவிரலின் அடியில் ஆழமாக வெட்டிவிட்டது. “நரம்பு அறுந்துபோச்சு” என்று வீட்டில் சொன்னார்கள். நரம்பு இல்லை, தசைநாண். விரலை மடக்குகிற கயிறு அதுதான். வேலூரில் ஆபரேஷன் செய்து, அறுந்த இரண்டு முனையையும் பிடித்து இழுத்துத் தைத்து, பிளாஸ்டிக் அச்சுக்குள் கையை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அந்தத் தையல் பிடித்துக்கொள்ளப் பல வாரம் ஆகும். அதற்கு முன்னால் அவள் எதையாவது இறுக்கிப் பிடித்து இழுத்தால் தையல் பிய்த்துக்கொள்ளும். அப்புறம் கட்டைவிரல் மடங்குவது ஆண்டவர் விட்ட வழி. கட்டைவிரல் மடங்காதவளுக்கு ஷூ கம்பெனியில் என்ன வேலை? சூப்பர்வைசர் என்று பெயர்தானே தவிர, ஆர்டர் நேரத்தில் ஆள் குறைந்தால் அவள்தான் மிஷினில் உட்கார வேண்டும்.

என் பேப்பரில், ‘ஷூவின் மேல்தோலை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நூலைப் பிடித்து இழுக்க முடியாது’ என்று எழுதினேன். போனுக்கும் ஒத்திகை கொடுத்தேன். ஞானசுந்தரி சமர்த்து. இன்ஷூரன்ஸ் பெண் கேட்டதற்கு, “கையில கட்டு போட்டிருக்கு மேடம்” என்று மட்டும் சொன்னாள். முதல் தவணை வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு எல்லாம் பாழாயிற்று. எங்கள் சபையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள். கவரின் மேல் எதற்காக நன்றி என்று எழுதியிருக்கும். ஆராதனையின் நடுவில் எங்கள் போதகர் ஐயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்துக்கொண்டே வந்தவர், “சகோதரி ஞானசுந்தரி. தன் கைக்குப் பூரண சுகம் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்” என்றார். சபை முழுக்க “ஆமென்” என்றது. என் வாய் மட்டும் பிளந்தபடி நின்றது. ஏனென்றால் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எட்வின் சார். அவரும் ஆமென் சொன்னார். தலையைத் திருப்பி, பிளாஸ்டிக் அச்சோடு உட்கார்ந்திருந்த அவளை ஒருமுறை பார்த்தார். வலியோடு வந்து நிற்கிறவர்களைப் பார்க்காத மனுஷன், சுகமான பிறகு பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் அவளை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“புத்தி இருக்கா உனக்கு? இன்னும் கட்டு பிரிக்கல. பூரண சுகம்னு எதுக்கும்மா எழுதின?”

“வேற இன்னா எழுதறது சிஸ்டர்? அரை சுகம்னா ஆண்டவருக்கு எழுதுவாங்க?”

“சுகமே இன்னும் வரலியேடி!”

“அதனாலதான் முன்னாடியே சொல்லிட்டேன். கைக்கு வந்தப்புறம் நன்றி சொல்றது கடைக்காரன்கிட்ட. கேக்கும்போதே நன்றி சொன்னாதான் அது விசுவாசம்” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அவளை ஒரு அறை விட வேண்டும்போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

மறுநாள் எட்வின் சார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அவளுடைய பேப்பர்கள் ஓரம் சேர்த்து அடுக்கியிருந்தன.

“சிஸ்டர், இது ரொம்ப சங்கடமான விஷயம். நானே காதால கேட்டேன். சபையில ஒண்ணு, கம்பெனியில ஒண்ணுன்னு ரெண்டு பேச்சு இருக்கலாமா? பூரண சுகம்னு ஆண்டவர் சந்நிதியில சொல்லிட்டு, இங்க முடியலைன்னு பணம் வாங்கினா அது எனக்கே உறுத்துது.”

“சார், கட்டு இன்னும் பிரிக்கல. டாக்டர் பேப்பர் உங்க முன்னாடி இருக்கு.”

“டாக்டர் மனுஷன்தானே சிஸ்டர்?” என்றார். பிறகு முடிவைச் சொன்னார். ‘சபையில் நான் சொன்னது தவறு, எனக்குச் சுகம் கிடைக்கவில்லை’ என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் திட்டம் தொடரும். போடாவிட்டால் அவள் சுகமாகிவிட்டாள் என்று இன்ஷூரன்ஸுக்கு எழுதிவிடுவார், அவள் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். “நான் ஒண்ணும் பண்ண முடியாது. ப்ரொசீஜர்” என்று சொல்லிப் பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார்.

எந்த ப்ரொசீஜரில் இது இருக்கிறது? அந்த வழவழப்பான நோட்டீஸில் இருக்கிறதா, வேதாகமத்தில் இருக்கிறதா? வாய்வரை வந்தது. அன்றைக்கு விழுங்கிக்கொண்டேன். ஞானசுந்தரியிடம் சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவாள், ஒரு வரிதானே என்று நினைத்துவிட்டேன்.

அவள் போடவில்லை. ஒரு வாரம் கெஞ்சினேன். அவள் புருஷன் கெஞ்சினார். “ஆண்டவர் சுகம் குடுக்கலைன்னு எழுதிக் குடுக்கறதா? அதுக்கு இந்தக் கையே போவட்டும்” என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

திங்கட்கிழமை காலை தையல் ஹாலிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். “சிஸ்டர், ஞானசுந்தரியக்கா வந்து லைன்ல உக்காந்துட்டாங்க!”

ஓடினேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அப்படி ஓடக் கூடாது, ஓடினேன். அவள் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் அச்சைக் கழற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தாள். இடது கையில் மேல்தோல். வலது கை நூலின் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

“வுடு! கைய வுடு!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மிஷின்களெல்லாம் நின்றன.

“ஒண்ணும் ஆவாது சிஸ்டர்.”

“ஒண்ணும் ஆவாதுன்னு யார் சொன்னா?”

“ஆண்டவர்மேல நம்பிக்கை இருக்கு.”

“எனக்கும் இருக்கு. தைச்ச தையல்மேல இன்னும் வரல. எழுந்து வா.”

முதலுதவி அறையில் அவளை உட்காரவைத்து, அச்சைத் திரும்ப மாட்டிக் கட்டினேன். அவள் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. “கையெழுத்துப் போட்டா ஆண்டவரைப் பொய்யாக்கற மாதிரி ஆவுது. போடாம வூட்ல குந்தினா அடுப்பு எரியாது. வேலைக்கு வந்தா கை போவுதுன்னு நீங்க சொல்றீங்க. நான் எங்கதான் சிஸ்டர் போவறது?” என்று அழுதாள். இந்த மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய ஆள் மாடியில் ஏசி ரூமில் பேப்பரை நேராக்கிக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

கதவைத் தட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“இன்னா சிஸ்டர்?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார். பாப்பாவப் பத்தி கேக்கலாம்னு வந்தேன். போன மாசம் பொண்ணுக்கு வெளிநாட்டு விசா கிடைச்சதுக்குக் காணிக்கை வச்சீங்க. ஐயர் வாசிச்சாரு, நானும் ஆமென் சொன்னேன். பாப்பா எப்ப சார் கெளம்புது?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அது... இன்னும் இன்டர்வியூவுக்கே கூப்பிடல சிஸ்டர்.”

“அடடே. அப்ப சபையில ஒண்ணு, எம்பசியில ஒண்ணா சார்?”

“சிஸ்டர், அது விசுவாசத்துல சொன்னது!”

“ரொம்ப சந்தோஷம். அப்ப நீங்களும் ஒரு லெட்டர் எழுதுங்க. ‘சபையில் நான் சொன்னது தவறு, விசா கிடைக்கவில்லை’ன்னு. ஞானசுந்தரி லெட்டரையும் உங்க லெட்டரையும் ஒண்ணா பின் பண்ணி அனுப்பிடலாம். மேனேஜர் விசுவாசத்துல சொன்னா விசுவாசம், தையல்காரி சொன்னா மோசடியா? உங்களுக்கு நாக்கு கூசல?”

நான் போட்ட குரலுக்கு வெளியே டைப் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. எட்வின் சார் மேஜைமேல் இருந்த பேப்பரை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. பிறகு, “இன்ஷூரன்ஸ் டாக்டர் பாத்து சொல்லட்டும் சிஸ்டர். ப்ரொசீஜர்படி அதான் சரி” என்றார். மன்னிப்பா? அந்த மாதிரி மனுஷர்களிடம் அதை எதிர்பார்க்க நான் முட்டாளா? இன்ஷூரன்ஸுக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தை அவர் கிழித்துப் போட்டார், அதுபோதும் என்று எழுந்து வந்தேன்.

இனி எல்லாம் அந்த டாக்டர் கையில். மாதம் ஒருமுறை வருவார். எங்கள் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்து, வாசலில் ஆள் நுழையும்போதே “எப்படி இருக்கீங்க?” என்பார். அவர்கள் நாற்காலிக்கு வருவதற்குள் பாதி எழுதியிருப்பார். கைராசிக்காரர், அவர் பார்த்தால் எப்பேர்ப்பட்ட நோயும் சொஸ்தமாகிவிடும்.

ஞானசுந்தரிக்கு மறுபடியும் ஒத்திகை. “எப்படி இருக்கேன்னு கேப்பாரு. நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிடாத. வலிக்குதுன்னு சொல்லு. இல்ல, ஏதோ இருக்கேன்னு சொல்லு.”

“சுகம் வந்துடுச்சுன்னு சபையில சொல்லியிருக்கேன் சிஸ்டர். இங்க மாத்திப் பேச மாட்டேன்.”

“அப்ப ஒண்ணுமே பேசாத. கையை மட்டும் நீட்டு.”

“ஊமையா நான்?” என்றாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ எக்கேடாவது கெட்டுப் போ என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, துணைக்கு நானும் உள்ளே போனேன். அவள் ஞாயிறு ஆராதனைக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அதைக்கூடத் தடுக்க முடியவில்லை என்னால்.

நுழையும்போதே டாக்டர் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். “எப்படிம்மா இருக்கீங்க? சுகமாயிடுச்சா?”

எட்வின் சார் மூலையில் நின்றுகொண்டிருந்தார். ஞானசுந்தரி நிதானமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அச்சுக் கட்டிய கையை மேஜைமேல் வைத்தாள்.

“ஆயிடுச்சு டாக்டர். எங்க ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டாரு.”

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பேனா பேப்பரில் இறங்குகிற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

“ஆனா டாக்டர்,” என்றாள் அவள், “என் கட்டைவிரலுக்குத்தான் இன்னும் சேதி வரல.”

டாக்டரின் பேனா நின்றது. முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு தொழிலாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தொந்தி குலுங்கச் சிரித்தார். என்னை அச்சைக் கழற்றச் சொல்லி, அவள் கையைத் தன் கையில் வாங்கி, ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்கிக் காட்டச் சொன்னார். நான்கு விரலும் மடங்கின. கட்டைவிரல் மட்டும் நட்டுவைத்தபடி நின்றது. தழும்பைத் தடவிப் பார்த்தார். இவளைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னதை நான் போட்டு உடைத்தேன். “தையல் இன்னும் பச்சையா இருக்கே. இத வச்சிக்கிட்டா இவங்கள வேலைக்குக் கூப்பிட்டீங்க?” என்று எட்வின் சாரைக் கேட்டார். எட்வின் சார் ஜன்னலைப் பார்த்தார்.

“சேதி வரட்டும்மா. மெதுவா வரட்டும். அதுவரைக்கும் நீங்க வூட்லயே இருங்க” என்று சொல்லி, ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அவளுக்குத் திட்டப்படி வர வேண்டியது வந்தது. தையல் பிடித்துக்கொண்டது. அச்சைக் கழற்றிய பிறகு வேலூருக்குப் பஸ்ஸில் போய்ப் போய், களிமண் பிசைந்து, ரப்பர் பந்து அமுக்கி, கண்ணில் தண்ணீர் வர அந்த விரலைப் பழக்கினாள். எங்கள் எட்வின் சார் அந்த மாத மீட்டிங்கில், ‘நம் நிறுவனம் தொழிலாளர் நலனில் காட்டும் அக்கறைக்கு உதாரணம்’ என்று அவள் கேஸைத்தான் எடுத்துச் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கு என் வேலை போயிருக்கும்.

அவள் திரும்பி வேலையில் சேர, என்னுடைய தகுதிச் சான்று வேண்டும். அதற்காக ஒருநாள் காலை முதலுதவி அறைக்கு வந்தாள். நான் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவை மூடியபடியே, “எப்படி இருக்கு கை? மடக்கிக் காட்டு” என்றேன்.

அவள் மடக்கிக் காட்டவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து வலது கையை நீட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் கையின் சதையைப் பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“ஐயோ!” என்று அலறிவிட்டேன். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சதை சிவந்து தடித்துவிட்டது. அவள் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எரிகிற கையைத் தேய்த்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.